மாமாவின் கண்ணாடி

இந்தக் கட்டுரையில் வருகிற பையனின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. என் அக்காவின் மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். வயது நாற்பதை நெருங்குகிறது. இவ்வளவு போதும். ஒரு தடவை அவனை எழுத்தில் இழுத்து வைத்துவிட்டு நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்? அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் கண்ணாடி.

மூக்கின் மேல் உட்காருகிற கண்ணாடியைச் சொல்லவில்லை. இது என் லாப்டாப்புக்குள் இருந்த கண்ணாடி. 2012-ஆம் வருஷம் அவன் எனக்காகச் செய்து கொடுத்தது. ‘மாமாவின் கண்ணாடி’ என்று அதற்குப் பெயர் சூட்டியவனும் அவன்தான்.

அது எதற்கு என்று விளங்கவேண்டுமானால் இன்னும் எட்டு வருஷம் பின்னால் போகவேண்டும். 2004-இல் நான் ஒரு நாவலைக் காகிதத்தில் எழுதாமல் நேரே கம்ப்யூட்டரிலேயே எழுத ஆரம்பித்தேன். கும்பகோணத்தில் எங்கள் அப்பா வாடகைக்கு இருந்த வீடு, அதில் என் அக்கா வளர்ந்த விதம், அவளுக்குக் கல்யாணம் ஆன விதம், இவைதான் விஷயம். இருபது அத்தியாயம் மளமளவென்று வந்தது. இருபத்தோராவது வரவில்லை. எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்த வியாதி. மற்றவர்களுக்கு விளக்கிப் பிரயோஜனம் இல்லை. நாவல் அப்படியே நின்றுவிட்டது.

அந்த நாளில் தமிழைக் கம்ப்யூட்டருக்குள் வைக்க ஆளுக்கு ஒரு வழி. எனக்கு வாய்த்தது ‘திஸ்கி’ என்ற திட்டம். அது 256 அறைகள் உள்ள ஒரு சத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 128 அறைகள் ஆங்கிலத்துக்கும் கம்ப்யூட்டரின் சொந்த உபயோகத்துக்கும் போய்விட்டன. மீதியில் தமிழைக் குடிவைத்தார்கள். வேறொரு திட்டப்படி அதே அறைகளில் மேற்கத்திய பாஷைகளின் எழுத்துக்களும் குடியிருந்தன. ஆகவே தகுந்த எழுத்துரு இல்லாத இடத்தில் என் நாவலைத் திறந்தால், ‘தமிழ்’ என்ற சொல் நிற்கவேண்டிய இடத்தில் முக்கால் என்ற பின்னம் ஒன்று, தலையில் கோடு கிழித்த ‘ஏ’ ஒன்று, அமெரிக்காவின் சென்ட் காசு அடையாளம் ஒன்று, தலையில் கோடு கிழித்த ‘யு’ ஒன்று, ஆக நான்கு பேர் வழி தவறிய யாத்ரீகர்கள் மாதிரி வரிசையாக நிற்பார்கள்.

பிறகு யூனிகோடு பரவிற்று. எல்லோரும் அதற்கு மாறினார்கள். மாறுவது என்றால் அறைக்கு அறை சாமானைத் தூக்கி வைக்கிற காரியம் அல்ல. திஸ்கி பழைய டைப்ரைட்டர் மாதிரி. கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் எழுதும். ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால். யூனிகோடு காது கேட்கிற வரிசையில் எழுதும். முதலில் ‘க’, அதன் பின்னால் ‘ஒ’வின் குறி. கொம்பைப் பிடுங்கி எழுத்துக்குப் பின்னால் நடவேண்டும். இருபது அத்தியாயத்தில் எத்தனை கொம்பு!

2012-இல் அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது என் லாப்டாப்பில் லினக்ஸை ஏற்றி வைத்தான். உபுண்டு என்ற வகை. எழுதுவதற்கு ‘ஜெடிட்’ என்ற டெக்ஸ்ட் எடிட்டர் அதில் இருந்தது. அலங்காரம் ஒன்றும் இல்லாத, வெள்ளைக் காகிதம் போன்ற எடிட்டர். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதில் இல்லாத வசதி வேண்டுமானால் ‘ப்ளகின்’ என்று ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். கணித்தமிழ் அன்பர்கள் செருகுநிரல் என்கிறார்கள். நல்ல சொல். என் நாவல் யாத்ரீகர்கள் சத்திரமாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டு ராத்திரி உட்கார்ந்து அவன் ஒரு ப்ளகின் எழுதினான். மெனுவில் ‘கண்ணாடி போடு’ என்று ஒரு வரி வரும். அதைத் தட்டினால் முக்காலும் சென்ட்டும் மறைந்து என் தமிழ் வந்து நிற்கும்.

நான் ஆறு அத்தியாயத்தை அப்படித் திறந்து புது எழுத்தில் சேமித்து வைத்தேன். மீதிப் பதினாலு? கண்ணாடிதான் கையில் இருக்கிறதே, அவசரம் என்ன என்று விட்டுவிட்டேன். அச்சடித்து வைத்திருந்த காகிதக் கட்டு 2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி அடையாற்றோடு போயிற்று. கோட்டூர்புரத்தில் தரைத்தளத்து வீடு. நானும் என் மனைவியும் லாப்டாப்பையும் மருந்துப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினோம். அலமாரியை யார் தூக்குவது?

2023 ஐப்பசியில் ஒரு பதிப்பாளர் நண்பர் அந்த நாவலைக் கேட்டார். முடிவு இல்லாவிட்டால் என்ன, இருக்கிறதைக் கொடுங்கள், முடிவைப் புத்தகக் கண்காட்சிக்குள் எழுதிக்கொள்ளலாம் என்றார். கார்த்திகைக்குள் தரவேண்டும். எனக்கு இருபத்தோராவது அத்தியாயம் வந்த மாதிரிகூட இருந்தது. லாப்டாப்பைத் திறந்தேன். அது திறக்கவில்லை. பதினோரு வருஷமாக ‘புதுப்பிக்கட்டுமா?’ என்று கேட்டதற்கெல்லாம் ‘பிறகு’ என்று சொல்லியே காலத்தை ஓட்டினேன். ஒரு தடவை அதுவும் ‘பிறகு’ என்று சொல்லிவிட்டது.

கடைப் பையன் பழையதன் வட்டை மட்டும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தான். புது லாப்டாப்பில் புது உபுண்டு, 22.04. பழைய வட்டிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் புதியதற்கு மாற்றியும் கொடுத்தான். அதிலும் ஜெடிட் இருந்தது. ஏழாவது அத்தியாயத்தைத் திறந்தேன். யாத்ரீகர்கள் நின்றார்கள். மெனுவைப் பார்த்தேன். கண்ணாடி இல்லை.

இந்த இடத்தில் எந்த மனிதனும் செய்யவேண்டியது அக்கா மகனுக்குப் போன் போடுவது. நான் போடவில்லை. போட முடியாத நிலையில் ஏழு வருஷமாக இருந்தேன்.

2016-இல் ஒரு வாரப் பத்திரிகையில் எனக்கு ஒரு தொடர்கதை ஓடிக்கொண்டிருந்தது. அதற்குச் சில மாதம் முன்னால்தான் அவனுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோயிற்று. ஒரு நாள் ராத்திரி எங்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து என்னிடம் மட்டும் சில விஷயங்கள் சொன்னான். நான் அதைக் கதையில் வைத்தேன். என்ஜினீயரைப் பாங்கு குமாஸ்தாவாக்கினேன், பெங்களூரைத் திருச்சியாக்கினேன், தலைமயிரைக்கூட மாற்றினேன். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவன் சொன்ன ஒரு வாக்கியம் அவ்வளவு அழகாக இருந்தது. அதைவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண் வீட்டாரும் பத்திரிகை படிக்கிறவர்கள்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. “மாமா, பேரை மாத்தினீங்க, ஊரை மாத்தினீங்க. நான் சொன்ன வார்த்தையை மட்டும் மாத்தலையே” என்றான். அவ்வளவுதான். பிறகு அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று, போனேன், “வாங்க மாமா, சாப்பிட்டீங்களா?” என்றான். தீபாவளிக்குத் தீபாவளி அக்காவின் போனில் ஒரு நிமிஷம். வேறு பேச்சு இல்லை. அக்கா மாதம் ஒரு தடவை என்னிடம், “அவன்கிட்டே பேசினியாடா?” என்று கேட்பாள். நான் நாவல் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்வேன்.

ஆகவே கண்ணாடியை நானே தேடினேன்.

ஜெடிட்டின் விருப்பத்தேர்வுகளில் ப்ளகின்களுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. எழுத்துப்பிழை பார்ப்பது, வரிகளை அகரவரிசைப்படுத்துவது என்று பல பெயர்கள் இருந்தன. எங்கள் கண்ணாடியின் பெயர் இல்லை. பட்டியலிலேயே பெயர் இல்லாவிட்டால் அது கெட்டுப்போகவில்லை, வந்தே சேரவில்லை என்று அர்த்தம். இந்த வித்தியாசம் எனக்குப் புரிய ஒரு பகல் ஆயிற்று. கல்யாணத்துக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற உறவினர் வேறு, பத்திரிகையே போய்ச் சேராத உறவினர் வேறு அல்லவா?

ஏன் வந்து சேரவில்லை? ஜெடிட் வீட்டுக்காரனுடைய ப்ளகின்களை ‘லோக்கல்’ என்ற ஃபோல்டர், அதற்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘ஜெடிட்’, அதற்குள் ‘ப்ளகின்ஸ்’ என்று நாலு கட்டு தாண்டித் தேடும். அந்த ‘லோக்கல்’ பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி. லினக்ஸில் புள்ளியில் ஆரம்பிக்கிற பெயர் எதுவும் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. கடைப் பையன் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றினான் என்றேன் அல்லவா? பட்டதைத்தான் மாற்றினான்.

இந்தப் புள்ளி விவகாரம் பிறந்த விதம் வேடிக்கையானது. லினக்ஸுக்கு மூதாதையான யூனிக்ஸில், ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்று இரண்டு பெயர்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று தன்னையே குறிக்கும், மற்றது மேல் ஃபோல்டரைக் குறிக்கும். பட்டியல் போடும்போது இந்த இரண்டையும் விட்டுவிடவேண்டும் என்று யாரோ நினைத்தார்கள். முழுப் பெயரையும் பார்க்காமல் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்துவிட்டார்கள். சோம்பலில் செய்த அந்தக் குறுக்கு வழியால் புள்ளி வைத்த பெயரெல்லாம் மறைந்துபோயிற்று. அதுவே பிறகு சம்பிரதாயம் ஆகிவிட்டது. பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் யூனிக்ஸ்காரர்களோடு வேலை பார்த்த ராப் பைக் 2012-இல் இதை எழுதியிருக்கிறார். நம் வீட்டுச் சம்பிரதாயங்கள் பலவும் இப்படித்தான் பிறந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கண்ட்ரோல் பொத்தானோடு ‘ஹெச்’ பொத்தானைத் தட்டினால் மறைந்தவை தெரியும். தட்டினேன். பழைய வட்டில் பதினோரு வருஷமாக என் காலடியில் கிடந்த ஒரு உலகமே வெளியே வந்தது. கண்ணாடியும் இருந்தது. இரண்டே ஃபைல்கள். ஒன்று சின்ன விலாசச் சீட்டு. பெயர் என்ன, எந்தப் பாஷையில் எழுதியது, எந்த ஃபைலில் இருக்கிறது என்று ஏழெட்டு வரி. இன்னொன்று உண்மையான சரக்கு. இரண்டையும் புது வீட்டில் அதே நாலாம் கட்டுக்கு மாற்றினேன்.

பட்டியலில் பெயர் வந்துவிட்டது! ஆனால் சாம்பல் நிறத்தில், பக்கத்தில் ஓர் எச்சரிக்கைச் சின்னத்தோடு. டிக் போட விடவில்லை. ‘பைதான்’ என்ற லோடர் காணவில்லை என்று ஒரு செய்தி.

பைதான் என்றால் மலைப்பாம்பு என்றுதான் நினைத்திருந்தேன். கீடோ வான் ராஸம் என்ற டச்சுக்காரர் தாம் உண்டாக்கிய கம்ப்யூட்டர் பாஷைக்கு அந்தப் பெயரை வைத்தது ‘மான்டி பைதான்’ என்ற ஆங்கில நகைச்சுவைக் கோஷ்டியை நினைத்துக்கொண்டுதானாம். நகைச்சுவை இருக்கட்டும். 2008 டிசம்பரில் அந்தப் பாஷையின் மூன்றாம் பதிப்பு வந்தபோது, இரண்டாம் பதிப்பில் எழுதியவை அதில் அப்படியே ஓடாது என்று ஆகிவிட்டது. இரண்டும் பல வருஷம் ஒரே வீட்டில் ஓரகத்திகள் மாதிரி குடித்தனம் செய்தன. 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு மூத்தவளுக்கு ஆதரவை நிறுத்திவிட்டார்கள். அக்கா மகன் 2012-இல் எழுதியது மூத்தவளின் பேச்சில். விலாசச் சீட்டில் லோடர் என்ற வரிக்கு எதிரே ‘பைதான்’ என்று இருப்பதைப் ‘பைதான்3’ என்று திருத்தவேண்டும். ஒரே ஒரு இலக்கம்.

திருத்தினேன். சேமிக்க முடியவில்லை. இந்த ஃபைலில் எழுத உமக்கு அனுமதி இல்லை என்றது. என் வீடு, என் லாப்டாப், எனக்கு அனுமதி இல்லை! காரணமும் நான்தான். ஃபைல்களை மாற்றுகிற அவசரத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று ‘சுடோ’ என்ற கட்டளையைச் சேர்த்துக்கொண்டு மாற்றியிருந்தேன். அது சர்வாதிகாரியின் கையெழுத்து. சர்வாதிகாரி வைத்த சாமான் சர்வாதிகாரிக்குத்தான் சொந்தம். பிறகு உடைமையை என் பெயருக்கு எழுதி வாங்கினேன். அதற்கும் சர்வாதிகாரியின் கையெழுத்தே வேண்டியிருந்தது.

இப்போது டிக் விழுந்தது. விழுந்த மறுகணம் தானே எழுந்தது. மறுபடி போட்டேன், மறுபடி எழுந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கிற மனைவியை எனக்குத் தெரியும். எடிட்டர் அப்படிச் செய்து பார்த்ததில்லை.

அப்போது அவன் முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. “மாமா, படத்தைத் தட்டித் திறந்தா அது வாயே திறக்காது. கறுப்பு ஜன்னல்லேருந்து பேர் சொல்லிக் கூப்பிடுங்க. எல்லாத்தையும் கொட்டும்.” கறுப்பு ஜன்னல் என்றால் டெர்மினல். திறந்து ஜெடிட் என்று அடித்தேன். அப்போதும் மௌனம். ஏற்கனவே ஒரு ஜெடிட் திறந்திருந்தால், புதிதாகக் கூப்பிட்டது அதனிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுப் பேசாமல் போய்விடும் என்பது மறுநாள்தான் தெரிந்தது. எல்லா ஜன்னலையும் மூடிவிட்டுக் கூப்பிட்டேன். கொட்டிற்று! எந்த ஃபைல், எத்தனையாவது வரி, என்ன குற்றம் எல்லாம் ஒரு பக்கம். படிக்கவேண்டியது கடைசி வரியைத்தான். மேலே உள்ளதெல்லாம் அந்த வரிக்கு வந்து சேர்ந்த வழி. மர்மக் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற வாசகர்களை நான் திட்டியதுண்டு. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

‘பிரிண்ட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குறி இல்லையாம். இளையவள் வந்த பிறகு அது கட்டாயம். சரி என்று சரக்கு ஃபைலைத் திறந்தேன். திறப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்தேன்.

முதல் வரி, உள்ளே என்ன எழுத்துத் திட்டம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சம்பிரதாய வரி. இரண்டாவது வரி தமிழில் இருந்தது. தலையில் தடுக்குக் கட்டம் போன்ற குறி போட்டு எழுதினால் கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடும். மனிதர்களுக்காக எழுதுகிற வரி அது. ‘மாமா! இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் ஏதோ கெட்டுப் போயிருக்கிறது. எதையும் தொடாமல் எனக்குப் போன் பண்ணவும்.’

2012-இல் எழுதியது. அப்போது மொட்டை மாடியும் இல்லை, தொடர்கதையும் இல்லை.

நான் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அடைப்புக்குறி போட ஆரம்பித்தேன். பிடிவாதம் என்று நீங்கள் சொல்லலாம். ஏழு வருஷத்துக்குப் பிறகு கூப்பிட்டு, ‘தம்பி, மெனுவில் ஒரு வரி காணோம்’ என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அடைப்புக்குறி போட்டதும் வரி ஒதுக்கியதில் குற்றம் என்றது. பைதானில் வரியை எவ்வளவு உள்ளே தள்ளி எழுதுகிறோம் என்பதற்கும் அர்த்தம் உண்டு. அவன் இடைவெளியாகத் தள்ளியிருந்தான். நான் பத்திரிகைக் கட்டுரை மாதிரி ‘டாப்’ பொத்தானால் தள்ளியிருந்தேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்கு ஒன்று அல்ல. திருத்தினேன். அடுத்து, எண்ணைக் கொடுத்தால் எழுத்தைத் தருகிற ‘யுனிகேர்’ என்ற ஏவலாள் இல்லை என்றது. இளையவள் வீட்டில் அவன் பெயர் வெறும் ‘கேர்’ என்று சுருங்கிவிட்டது. நாற்பது இடத்தில் மாற்றினேன். ஒவ்வொன்றையும் மாற்றும்போது, இந்தக் கொம்பை எடுத்து இங்கே வை, இந்தக் காலை இதோடு சேர் என்று அவன் எனக்காகக் கட்டியிருந்த வரிசை புரிந்துகொண்டே வந்தது. ஓரிடத்தில், ‘மாமா ஷ்ரீயை மூன்று விதமாக எழுதுகிறார், மூன்றையும் பார்த்துக்கொள்’ என்று இன்னொரு தமிழ் வரி. என் எழுத்தை இவ்வளவு உற்றுப் படித்த விமர்சகர் எனக்கு வாய்த்ததில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசிக் குற்றம் வந்தது. ‘விண்டோ’ என்ற பொருளுக்குக் ‘கெட் யுஐ மானேஜர்’ என்ற குணம் இல்லை. இதற்கு அடைப்புக்குறியும் பெயர் மாற்றமும் போதவில்லை. எது இல்லை, ஏன் இல்லை, எங்கே போயிற்று, ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி ஒன்பதரை மணி.

“என்ன பண்றீங்க அங்கே?” என்று உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள்.

“போன் பண்றேன்” என்றேன்.

அவன் எடுத்தான். “சொல்லுங்க மாமா. அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?”

“அம்மா நல்லா இருக்கா. கண்ணாடி உடைஞ்சு போச்சு.”

“விழுந்துட்டீங்களா? எங்கேயாவது அடி பட்டுதா?”

“அந்தக் கண்ணாடி இல்லேடா. உன் கண்ணாடி.”

அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, “கடைசி வரியைப் படிங்க” என்றான். எழுத்து எழுத்தாகப் படித்தேன். “இதுவரைக்கும் எப்படி வந்தீங்க?” என்று கேட்டான். வந்த வழியைச் சொன்னேன். விலாசச் சீட்டு, சர்வாதிகாரி, அடைப்புக்குறி, யுனிகேர். நடுவில் அவன் சிரித்தான். சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டான் என்பதும் எனக்குக் கேட்டது.

“அந்த மெனு மாட்டற ஆணியையே 2014 வாக்கில் பிடுங்கிட்டாங்க மாமா. இப்போ வேற மாதிரி மாட்டணும். அதை எழுதலாம்; ஆனா உங்களுக்கு அது தேவையில்லை. கறுப்பு ஜன்னல் திறந்திருக்கா?”

அவன் சொல்லச் சொல்ல அடித்தேன். ‘ஐகான்வ்’ என்று ஒரு கட்டளை. எதிலிருந்து என்ற இடத்தில் திஸ்கியின் பெயர். எதற்கு என்ற இடத்தில் யூனிகோடின் எட்டுத் துணுக்கு வகையின் பெயர். பிறகு ஏழாவது அத்தியாயத்தின் ஃபைல். பிறகு வலப்பக்கம் மூக்கை நீட்டுகிற ஒரு குறி. அதன் பிறகு புது ஃபைலுக்கு ஒரு பெயர். “ரெண்டு பக்கமும் ஒரே பேரைப் போட்டுடாதீங்க. படிக்கறதுக்கு முன்னாடியே துடைச்சுடும்” என்றான். நான் அந்தக் குறிக்கு முன்னும் பின்னும் மூன்று தடவை பார்த்துவிட்டு, எண்டர் பொத்தானைத் தட்டினேன்.

புது ஃபைலைத் திறந்தேன். கும்பகோணத்து வீட்டின் முற்றம் இருந்தது.

“வந்துதா?”

“வந்துடுத்து. இது எப்போ வந்த கட்டளைடா? முன்னாடியே இருந்திருந்தா...”

“முன்னாடியே இருந்தது. 2012-லேயும் இருந்தது.”

“பின்னே எதுக்கு ரெண்டு ராத்திரி உட்கார்ந்து கண்ணாடி செஞ்சே?”

“நீங்க கறுப்பு ஜன்னலைப் பார்த்தா எழுந்து ஓடிடுவீங்க மாமா. மெனுலே தமிழ்லே ஒரு வரி இருந்தா தட்டுவீங்கன்னு நினைச்சேன்.”

பதினாலு அத்தியாயத்தையும் அன்றைக்கே மாற்றினோம். பதின்மூன்றாவதில் எங்கோ ஒரு கெட்ட எழுத்து இருந்து கட்டளை பாதியில் நின்றது. அது நின்ற இடத்தைப் பார்த்து எடுத்தோம். மணி பதினொன்றரை ஆகிவிட்டது. அவன் போனை வைப்பதற்கு முன்னால் சொன்னான்:

“மாமா, செஞ்சு பார்க்கறப்போ நான் அதைக் கொஞ்சம் படிச்சிருக்கேன். அம்மாவைப் பத்தித்தானே? அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்புங்க.”

அனுப்பினேன். நாலாம் நாள் ஒரே ஒரு இடத்தைக் குறித்து அனுப்பினான். பதினேழாம் அத்தியாயம். பெண் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு அக்கா அடுக்களையில் நின்றுகொண்டு, ‘எனக்குப் பிடிச்சிருக்கான்னு ஒருத்தரும் கேக்கலையே’ என்று அம்மாவிடம் சொல்கிற வரி. அதன் பக்கத்தில், ‘அப்பாவும் படிப்பார்’ என்று மட்டும் எழுதியிருந்தான்.

அந்த அத்தியாயமே அந்த வரியின் மேல்தான் நின்றது. ஒரு நாள் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு, 2016-இல் நான் செய்யாத ஒன்றைச் செய்தேன். அக்காவுக்குப் போன் போட்டு, அவள் வாயிலிருந்து வந்ததாக நான் எழுதியிருந்ததை அவளுக்கே படித்துக் காட்டினேன்.

“நான் அப்படியா சொன்னேன்?” என்றாள் அக்கா. “மாப்பிள்ளைக்குக் காது ரொம்பப் பெரிசா இருக்குன்னு இல்லே சொன்னேன்? நீ திண்ணையிலே இருந்தே. உனக்கு எங்கே கேட்டிருக்கும்?”

பின்னாலிருந்து அத்தானின் குரல் வந்தது: “எந்தக் காது? என்ன சொல்றான் அவன்?”

இரண்டு வரியையும் எழுதி, அத்தான் கேட்டதையும் சேர்த்து, அக்கா மகனுக்கு அனுப்பினேன். அவனுக்கும் அதே காதுதான். அதை நான் குறிப்பிடவில்லை. மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது.

‘காதையே போடுங்க மாமா.’